கடலில் இருப்பதாகப் பதிவு

நெருக்கடி நிலைக் காலத்தில் சட்டம் காற்றில் பறந்தது என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அந்த இருபத்தொரு மாதங்களில் ஒரு விதிகூட மீறப்படவில்லை. வந்த தபாலுக்கெல்லாம் எண் கொடுத்தோம். போன தபாலுக்கெல்லாம் நகல் வைத்தோம். ஒரு மனிதரை ஏறத்தாழ ஓர் ஆண்டு காணாமல் ஆக்கினோம். அதற்கும் கோப்பு இருந்தது.

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்தில், தோணிகள் அணையும் படித்துறைக்கு எதிரே எங்கள் அலுவலகம். பெரிய கப்பல்களெல்லாம் தெற்கே புதுத் துறைமுகத்துக்குப் போய்விட்டன. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வரும் பாய்த்தோணிகள் மட்டும் எங்களுக்கு மிஞ்சின. அவற்றின் ஆட்பட்டியலைப் பராமரிப்பது எங்கள் வேலை. ஒரு தோணி புறப்படும்போது அதன் தலைவர் தம் ஆட்களோடு வந்து பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அந்தத் தலைவருக்குக் கடற்கரையில் தண்டல் என்று பெயர். திரும்பி வந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அதே ஆட்கள் அதே பக்கத்தில் மறுபடியும் கையெழுத்திட வேண்டும். தண்டல் கடைசியாகப் போடுவார். அவர் போட்ட பிறகுதான் தோணி வந்து சேர்ந்ததாகக் கணக்கு. அதுவரை அது எங்கள் ஜன்னலுக்கு நேரே கட்டிக் கிடந்தாலும், அதன் பாய்மரத்தில் காக்கை உட்கார்ந்திருந்தாலும், எங்கள் புத்தகத்தின்படி அது கடலில்தான் இருக்கிறது. நான் அங்கே தலைமை எழுத்தர்.

மறைப்பானேன், நெருக்கடி நிலையின் முதல் சில மாதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. எப்போதும் இருபது நிமிடம் பின்தங்கி ஓடிய அலுவலகக் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள். பத்து மணி பத்து நிமிடத்துக்கு வருகைப் பதிவேடு அதிகாரியின் மேசைக்குப் போய்விடும். ஏரலிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து ஒன்பதே முக்காலுக்கு வந்து உட்காரும் எனக்கு, ஓடி வந்து வாசலில் மூச்சுவாங்கும் சக ஊழியர்களைப் பார்ப்பதில் ஒரு திருப்தி. ஒழுக்கம், ஒற்றுமை, உழைப்பு என்று எழுதிய பலகை ஒன்றை வாசலுக்கு மேலே மாட்டச் சொன்னார்கள். மாட்டினோம். உப்புக் காற்று வேறு எதையும் விட்டுவைக்காது. அந்தப் பலகையின் வண்ணம் மட்டும் உரியவே இல்லை.

மாநில ஆட்சியைக் கலைத்த சில வாரங்களில் ஒரு மந்தணக் கடிதம் வந்தது. எங்கள் எல்லைக்குள் உற்பத்திக்கும் ஒழுங்குக்கும் நாட்டின் ஒற்றுமைக்கும் இடையூறாக நடப்பவர்களின் பட்டியலை ஒரு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். பெயர், தந்தை பெயர், தற்போதைய முகவரி, நடத்தை, ஆதாரம் என்று ஐந்து கட்டங்கள்.

அதிகாரி வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர். அதாவது, கோபப்படத் தெரியாதவர். என்னைக் கூப்பிட்டார்.

"யார் இருக்காங்க நம்ம பக்கத்துல?"

"யாரும் இல்ல சார்."

"ஒருத்தர்கூடவா? யாருமில்லன்னு நில் ரிப்போர்ட் அனுப்பினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? எங்கள் அலுவலகத்தில் எனக்கு முந்திய காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. கரையான் அரித்த பதிவேடுகள் எத்தனை என்று ஆண்டுதோறும் மேலிடத்திலிருந்து கேட்பார்கள். ஒன்று என்று எழுதுவோம். உண்மையில் கரையான் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. ஒன்று என்றால் கடிதத்தை வாங்கி அடுக்கிவிடுவார்கள். ஒன்றுமில்லை என்றால் மட்டும், அது எவ்வாறு உறுதி செய்யப்பட்டது, யார் ஆய்வு செய்தார், எத்தனை நாள் செய்தார் என்று மூன்று மாதத்துக்குக் கடிதம் வந்துகொண்டிருக்கும்.

"கரையான் கணக்கு மாதிரி வச்சுக்கலாம் சார்," என்றேன்.

அதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு பெயர் என்று முடிவாயிற்று.

அந்த ஒரு பெயரைப் பொறுப்போடுதான் தேர்ந்தெடுத்தேன். கரையில் இருக்கும் ஒருவரை எழுதினால் போலீஸ் போய்க் கதவைத் தட்டும். ஆகவே கடலில் இருப்பவர் ஒருவர் வேண்டும். தை மாதம் கொழும்புக்குப் போய், அங்கிருந்து மாலத்தீவு போயிருந்த ஒரு தோணியின் பக்கம் திறந்து கிடந்தது. சித்திரை கழியாமல் அது திரும்பாது. அதற்குள் எங்கள் பட்டியல் ஏதாவது ஒரு கட்டுக்குள் போய்ப் படுத்துவிடும் என்பது என் அனுபவம். நடத்தைக்கும் ஆதாரத்துக்கும் எழுத அந்தத் தண்டலைப் பற்றி ஒரு காகிதமும் எங்கள் கோப்பில் இருந்தது.

அந்தக் காகிதம் ஒரு மனு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் படித்துறையில் குடிதண்ணீர்க் குழாய் கெட்டு ஒரு மாதமாகத் தோணிக்காரர்கள் தவித்தார்கள். அந்தத் தண்டல்தான் முன்னின்றார். கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பத்து மனிதர். ஐந்தாவது வரை படித்தவர். நிதானமாக வாசிப்பார், கையெழுத்திடுவார், மனு எழுத வராது. "அண்ணாச்சி, நீங்க ஒரு கடுதாசி எழுதித் தாங்க, நாங்க பேரப் போடுதோம்," என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து கேட்டார். எழுதிக் கொடுத்தேன். குழாய் ஒரு வாரத்தில் பழுது பார்க்கப்படாவிடில் தண்டல்மார் அனைவரும் ஒருமித்து ஆட்பட்டியலில் கையெழுத்திடாமல் இருக்க நேரும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று முடித்திருந்தேன். நான்காம் நாள் தண்ணீர் வந்தது. தண்டல் வந்து, "ஒங்க தமிழுக்குப் பயந்து தண்ணியே வந்துட்டு அண்ணாச்சி," என்றார்.

அந்த மனுதான் இப்போது ஆதாரம். நடத்தை என்ற கட்டத்தில், அரசுப் பணியை முடக்கத் தண்டல்மாரை ஒன்றுதிரட்டியவர் என்று எழுதினேன். மனுவைத் தட்டச்சு செய்து இணைத்து, அசல் இவ்வலுவலகக் கோப்பில் உள்ளது என்றும் குறித்தேன். இணைப்பு இல்லாமல் நான் கடிதம் அனுப்பியதில்லை.

பட்டியல் போய்ப் படுக்கவில்லை. பத்தாம் நாள் போலீஸ் ஏட்டு வந்தார். உள்ளூர்க்காரர், நன்றாகப் பழகுகிறவர். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுச் சொன்னார்:

"அந்த மனுவோட அசலக் கேக்காவ அண்ணாச்சி. மேல இருந்து."

"எதுக்கு ஏட்டையா? தட்டச்சுப் பிரதி இருக்கே."

"அந்தத் தண்டலு படிக்காதவன். மனுவு என்னமா எழுதியிருக்கு! எவனோ வெவரமான ஆளு பின்னால நிக்கான். அவனத்தான் வேணுமாம்."

கோப்பை எடுத்துப் பிரித்தேன். நீல மையில், சாய்வே இல்லாத எழுத்தில், ஒவ்வொரு பத்திக்கும் இரண்டு விரல் இடம்விட்டு, மனு அப்படியே இருந்தது. என் கையெழுத்து. அந்த மேசையிலும் அலமாரியிலும் இருந்த பதிவேடுகள் அத்தனையிலும் அதே கை. அரசு ஊழியன் பிறருக்காகக் கூட்டு மனு எழுதுவது எந்த விதியின் கீழ் வருகிறது, அந்த ஆண்டில் எந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்று எனக்கு மனப்பாடம். கோப்பைக் காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கோப்பு காணாமல் போனால் தலைமை எழுத்தர் பதில் சொல்ல வேண்டும். ஆள் காணாமல் போனால் அப்படி ஒரு விதி கிடையாது. ஒப்புகை வாங்கிக்கொண்டு அசலைக் கொடுத்தேன்.

ஏட்டு அதை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கையெழுத்து அழகா இருக்கு, என்ன?" என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

அன்றே அதிகாரியிடம் போய்த் திருத்தக் கடிதம் அனுப்பலாம் என்றேன்.

"தாராளமா. எந்தப் பேரைப் போடப்போறீங்க?"

"பேரே வேண்டாம் சார். தவறுதலா எழுதிட்டோம்னு..."

"அப்ப நான் பொய்யில கையெழுத்து போட்டேன்னு ஆகுமே. வேற பேரு கொண்டுவாங்க. திருத்தம்னு அனுப்பறேன்."

அன்று பிற்பகல் முழுவதும் ஆட்பட்டியல்களைப் புரட்டினேன். கொழும்பில் காய்ச்சல் கண்டு இறந்துபோன ஒருவரின் பெயரைக் கொண்டுபோனேன். அதிகாரி வாசித்துவிட்டு, "தற்போதைய முகவரின்னு ஒரு கட்டம் இருக்கே," என்றார். திரும்பி வந்து மறுபடியும் புரட்டினேன். உயிரோடிருப்பவர்களில் யாரையும் எழுத எனக்கு மனம் வரவில்லை என்று இப்போது சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். மனம் வந்தது, மூன்று பேர் விஷயத்தில். மூவரும் கரையில் இருந்தார்கள். பட்டியலில் ஏறினால் மறுநாளே பிடிபடுவார்கள். ஐந்து மணிக்குப் பதிவேட்டை மூடிவிட்டேன்.

அது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம். ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து தண்டலின் மனைவி நேரே அலுவலகத்துக்கு வந்தார். தலையில் முக்காடு அப்படியே இருந்தது.

"ஏட்டு ரெண்டு தடவ வீட்டுக்கு வந்துட்டாரு அண்ணாச்சி. தோணி என்னைக்கி வரும், என்னைக்கி வரும்னு கேக்காரு. எங்கம்மைகூட இவ்வளவு அக்கறையாக் கேட்டதில்ல. என்ன வெசயம்?"

"வழக்கமான விசாரணைதான்மா."

"வழக்கம்னா முன்னால ஒருக்காவாது நடந்திருக்கணும்லா?"

நான் மேசையில் கிடந்த ஊசிகளை எடுத்து டப்பாவில் போட்டேன்.

"பேப்பர்ல அவிய பேரு ஏதும் வந்திருக்கா? ஒங்க கண்ணுல படாத பேப்பரா அண்ணாச்சி?"

"ஒன்றும் வரவில்லை," என்றேன். அது சரிதான். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. எங்களிடமிருந்துதான் போயிருந்தது.

அவர் போன பிறகு தந்தி அலுவலகத்துக்கு நடந்தேன். கொழும்பிலிருந்த தோணி முகவருக்கு, தோணி வரவைத் தள்ளிப்போடவும் என்று மூன்றே சொல். படிவத்தில் எழுதினேன். அடியில் அனுப்புநர் பெயர், முகவரி என்று இரண்டு கோடுகள். பொய்ப் பெயர் எழுதலாம். ஆனால் கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, கொழும்புக்கா? வீட்ல ஏதும் விசேஷமா?" என்று கேட்டுவிட்டார். படிவத்தைக் கிழித்து, கிழித்த துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். குப்பைத்தொட்டியில் போட மனம் துணியவில்லை.

அந்த ஆண்டு காற்று முந்திக்கொண்டது. சித்திரை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஈஸ்டர், தோணிக்காரர்கள் சொல்லில் பாஸ்கா, முடிந்த வாரத்தில் ஒரு காலை ஜன்னல் வழியே பார்த்தேன். காற்று விழுந்து கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. அந்தத் தோணியின் பாய் எனக்குத் தெரியும். நடுவில் புதுத்துணி ஒட்டுப் போட்டிருக்கும். அந்த வெள்ளைச் சதுரம் வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றது. பிறகு பார்த்தால் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. இரண்டு மணிக்குப் படித்துறையில் கயிறு வீசினார்கள். எதிரே டீக்கடைப் பலகையில் ஏட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

நான் படித்துறைக்குப் போனேன். தண்டல் என்னைக் கண்டதும் தோணிப் பலகையைத் தாண்டிக் குதித்து வந்தார்.

"அண்ணாச்சியே வந்துட்டிய! தோணிக்கு அம்புட்டு மரியாதையா?"

எனக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. தண்டல் நோயுற்றிருந்தால் அடுத்த மூத்த ஆள் அவருக்காகக் கையெழுத்திடலாம். வைத்தியர் சீட்டோடு தண்டல் பதினான்கு நாளுக்குள் வந்தால் போதும். பதினான்கு நாளில் ஒரு மனிதர் எவ்வளவோ தூரம் போகலாம்.

"ஒமக்கு மேலுக்குச் சொகமில்லாத மாதிரி இருக்கே தண்டலாரே."

"எனக்கா? மாலத்தீவு மாசிக் கருவாடாத் தின்னு கெடாக் கணக்கா இருக்கேன். நீங்க வேற."

"இல்லவே, மொகம் வாடியிருக்கு. வைத்தியர்ட்ட ஒரு சீட்டு வாங்கிக்கிட்டுப் படும். ஒம்ம தம்பி சாகுபுரத்துல கம்பெனி வேலையிலதான இருக்கான்? அங்கன போய் இரும். இங்க மத்த ஆளு கையெழுத்து போடட்டும். விதி எடங்கொடுக்கு."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு டீக்கடையை.

"என்னமோ சொல்ல வாரிய. சொல்லிருங்க."

சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. உம் பெயரை நான் எழுதிக் கொடுத்தேன். ஏட்டு டீக் கிளாஸைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல. ஒடம்பப் பாத்துக்கிடும்னேன்."

"இருவத்து நாலு மணி நேரத்துக்குள்ள தண்டலே வந்து போடணும்னு சொல்லித் தந்தது நீங்கதான அண்ணாச்சி? நல்லா இருக்க மனுசன் பொய்ச்சீட்டு வாங்கவா? அதுவும் பாஸ்கா முடிஞ்ச வாரத்துலயா? நான் என்ன, கள்ளச்சரக்கா ஏத்திட்டு வந்திருக்கேன்? நாளைக்கிப் பத்தரைக்கு வாரேன். பக்கத்த எடுத்து வைங்க."

பத்தரைக்கு வந்தார். வெளுத்த சட்டை, எண்ணெய் தடவிச் சீவிய தலை. பின்னால் பதினொரு ஆட்கள். பலகைக்குக் கீழே வரிசையாக நின்று ஒவ்வொருவராகக் கையெழுத்தோ பெருவிரலோ வைத்தார்கள். நான் மையொற்றும் தாளை வைத்து வைத்து எடுத்தேன். பதினொன்றாவது ஆள் நகர்ந்ததும் தண்டல் என் பேனாவை வாங்கினார். வராந்தாவில் நின்ற ஏட்டு உள்ளே வந்தார்.

"தண்டலாரே, ஸ்டேஷன் வரைக்கும் ஒரு நடை வந்துட்டுப் போயிருங்க."

"கையெழுத்தப் போட்டுட்டு வாரேன் ஏட்டையா."

"வந்து போட்டுக்கிடலாம். பொஸ்தகம் எங்க ஓடிரப் போவுது?"

தண்டல் பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார். "பக்கத்த மூடிராதீங்க அண்ணாச்சி. இப்ப வந்துருதேன்," என்றார். ஜீப் வெளியே ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அவர் வரவில்லை. அன்றும் இல்லை, அந்த வாரமும் இல்லை. தண்டல் நோயுற்றால் என்ன செய்வது, இறந்தால் என்ன செய்வது என்று விதி இருந்தது. போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று இல்லை. ஆகவே பக்கம் திறந்தே நின்றது. தோணி வேறொரு தண்டலோடு அடுத்த நடை புறப்பட்டது. அதற்குப் புதுப் பக்கம். எங்கள் புத்தகத்தின்படி ஒரே தோணி, ஒரே சமயத்தில், இரண்டு தடவை கடலில் இருந்தது. தணிக்கையில்கூட யாரும் அதைக் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஏட்டு வந்து பதிவேட்டைப் பார்த்தார். தண்டலின் கட்டம் வெறுமையாக இருப்பதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எதற்கு என்று எனக்கு அடுத்த திங்கட்கிழமைதான் தெரிந்தது.

அன்று தண்டலின் மனைவி வந்தார். கையில் வக்கீல் எழுதிக் கொடுத்த விண்ணப்பம், முறையாகக் கட்டண வில்லை ஒட்டியது.

"அவிய கரைக்கே வரலன்னு சொல்லுதாவ அண்ணாச்சி. தோணி ஆபீஸ் பொஸ்தகத்துல கையெழுத்து இல்லையாம். எங்க வச்சிருக்காவன்னு கேக்கக்கூட, மொதல்ல வந்தாருன்னு காட்டணுமாம். பக்கத்துக்கு நகல் வேணும்னு வக்கீல் சொன்னாரு."

அவரோடு வந்த பதினொரு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் சாட்சி சொல்லப் போனார், ஒரு பகல் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார், மறுநாள் முதல் தமக்கு ஒன்றும் நினைவில்லை என்றார். மிஞ்சியது என் பதிவேடு. அதில் கடைசியாகக் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. நேரில் கண்ட எதையும் தலைமை எழுத்தர் அதில் எழுதலாம். அதிகாரியின் ஒப்பம் தேவையில்லை. அந்த அலுவலகத்தில் யாரையும் கேட்காமல் நான் செய்யக்கூடிய ஒரே காரியம் அதுதான்.

நகல் கொடுக்க ஏழு நாள் அவகாசம். ஆறு நாள் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டல் இவ்வலுவலகத்துக்கு நேரில் வந்தார், கையெழுத்திடுமுன் காவல் துறையினரால் அழைத்துச் செல்லப்பட்டார். ஒரே வரி. நீல மையில் அதை எழுதினால், அந்த வரியும் அந்த மனுவும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். விவரமான ஆளை அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். தண்டல் எந்த நாளிலும் சொல்லிவிடலாம் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஜீப் போனால் கையிலிருந்த கூட்டல் தப்பிவிடும். ஏழாம் நாள் அந்த வரியை எழுதினேன், பென்சிலால்.

பென்சில் குறிப்புகள் தற்காலிகமானவை. சான்றிட்ட நகலில் அவை இடம்பெறா. இதுவும் விதிதான்.

அவர் நகலை வாங்கி வாசலின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல அவிய வந்ததா எங்கன இருக்கு?"

"இல்லம்மா."

"நீங்க பாத்தியள்லா?"

"பார்த்தேன்."

"அப்பம்?"

"பதிவேட்டில் இருப்பதைத்தான் நகலில் எழுத முடியும்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். தாளை நாலாக மடித்தார். "சரி, அவிய கடல்லயே இருக்காவன்னு வச்சுக்கிடுதேன். அது எனக்குப் பழக்கந்தான்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மறுபடி அந்த அலுவலகத்துக்கு வரவில்லை. நானும் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

அடுத்த ஆண்டு தேர்தல் வந்தது. மத்தியில் இருந்தவர்கள் தோற்றார்கள். பட்டியல் கேட்டு வந்த கடிதங்களைத் தனிக் கட்டாகக் கட்டி மேலே அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம், ஒப்புகை வந்தது. பலகையைக் கழற்ற யாரும் உத்தரவிடவில்லை, ஆகவே அது இருந்தது. கடிகாரம் மறுபடியும் பின்தங்க ஆரம்பித்தது.

அதன்பின் ஒரு நாள் முற்பகலில் தண்டல் வந்தார். சட்டை அதே மாதிரி வெளுத்திருந்தது. உள்ளே ஆள் பாதிதான் இருந்தார். நான் எழுந்து நின்றேன். அந்த அலுவலகத்தில் தண்டல் யாருக்காகவும் நான் எழுந்ததில்லை.

"பக்கத்த மூடலியே அண்ணாச்சி?"

எடுத்து வைத்தேன். அவர் நின்றபடியே குனிந்து, பதினொரு கையெழுத்துகளின் மேலும் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, குறிப்புக் கட்டத்தில் நிறுத்தினார். எழுத்துக் கூட்டி வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"அந்த மனுவக் காட்டிக் காட்டிக் கேட்டாவ," என்றார், பதிவேட்டைப் பார்த்தபடியே. "எவன் எழுதிக் குடுத்தான், எவன் எழுதிக் குடுத்தான்னு. அந்த ஒரு கேள்விக்குத்தான் எல்லாம்."

"நீர் என்ன சொன்னீர்?"

"தெருவுல போன ஆளுன்னேன். பேரு தெரியாதுன்னேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பேரு எழுதிக் குடுத்து நமக்குப் பழக்கமில்ல பாத்தியளா."

அவருக்குத் தெரிந்து சொன்னாரா, வாயில் வந்ததைச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்க எந்தத் தடையும் இல்லை.

பேனாவை நீட்டினேன். அவருடைய வலது கை விரல்கள் அதைச் சுற்றி முழுதாக மூடவில்லை. இடது கையால் மேசையை அழுத்திக்கொண்டு, நான் பார்த்திருந்த அவர் கையெழுத்தின் சாயல் மட்டும் தெரிகிற ஒன்றைப் போட்டார்.

"தேதி எதப் போட?"

"வந்து சேர்ந்த தேதி. அதுதான் விதி."

யோசித்தார். அன்றைய தேதியைப் போட்டார். கரைக்கு வந்த நாளைத்தான் போட வேண்டும் என்று நான் ஆட்சேபித்திருக்க வேண்டும். ஆட்சேபிக்கவில்லை. நாற்பது ஆண்டுப் பணியில் நான் தெரிந்தே ஏற்றுக்கொண்ட தவறான பதிவு அது ஒன்றுதான்.

பேனாவை மூடாமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பென்சில் வரியைக் காட்டினார்.

"இத மையில எழுதிருங்க அண்ணாச்சி. இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

உட்கார்ந்தேன். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் எழுத்தின் மேலேயே, நேரில் வந்தார் என்பதிலிருந்து தொடங்கி, ஓர் எழுத்தும் விடாமல் எழுதினேன். எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.